‘தொடரும்’ போட்டவருக்கு என்ன கடன்?

2005-இல் வெளிவந்த ‘எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்’ நாவலின் கடைசியில் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தார். கதை பெருத்துவிட்டது, அதனால் பாத்திரங்களில் ஒரு பாதியின் கதையை மட்டும் இதில் சொல்லியிருக்கிறேன், மற்றவர்கள் அடுத்த ஆண்டு வந்துவிடுவார்கள் என்று மனதார நம்புகிறேன் என்பது அதன் சாரம். அந்த மற்றவர்கள் வந்து சேர்ந்தது 2011-இல். மூன்று நூல்களில் முடித்துவிடலாம் என்று எண்ணி 1996-இல் வெளிவரத் தொடங்கிய வரிசை இப்போது ஏழு நூல்கள் என்று கணக்கு. ஐந்து வந்திருக்கின்றன, ஆறாவதான ‘தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்’ பேச்சில்தான் இருக்கிறது. இடையில் இதே கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்கள் 2019-இல் தங்கள் போக்கில் ஒரு முடிவைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்தக் குறிப்பு வாக்குறுதியா, வெறும் ஆசையா? நூல் வரிசை ஒன்றைத் தொடங்கியவர் அதை முடித்தே ஆக வேண்டுமா? முடிக்கத்தான் வேண்டும் என்றால், எத்தனை காலத்துக்குள்? ரசிகர் சண்டையாக மட்டுமே இதைப் பார்க்கிறவர்கள் உண்டு. ஆனால் கேள்வி அச்சு இயந்திரத்தை ஒட்டியே பிறந்தது. பதில்களும் அன்றிலிருந்து குவிந்து கிடக்கின்றன.

பழைய பாக்கிகள்

செர்வாண்டஸ் தமது முதல் நாவலான ‘லா கலாத்தேயா’வை 1585-இல் வெளியிட்டபோது இரண்டாம் பாகம் வரும் என்றார். 1616-இல் சாகும் தறுவாயில் எழுதிய கடைசி நூலின் சமர்ப்பணத்திலும் அதையே சொன்னார். வரவேயில்லை. ‘டான் கிஹோட்டே’யின் கதை வேறு. முதல் பாகம் 1605-இல் வந்தது. அடுத்தது தாமதமாகவே, அவெயனேதா என்ற புனைபெயரில் யாரோ ஒருவர் 1614-இல் ஒரு போலித் தொடர்ச்சியை வெளியிட்டார். மறு ஆண்டே செர்வாண்டஸின் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. இனி வேறு யாரும் கைவைக்காதபடி நாயகனைச் சாகடித்தும் விட்டார். ஆக, ஒரு நூலுக்கு முப்பது ஆண்டு வாய்தா சொன்னவரை இன்னொரு நூலில் ஒரு திருட்டுப் பதிப்பு ஓராண்டுக்குள் முடிக்க வைத்தது. கடமையுணர்ச்சியைவிடப் போட்டிதான் வேலை செய்தது என்று சொன்னால் அதை மறுப்பது சிரமம்.

சாமுவேல் ஜான்சனின் வழக்கு இன்னும் கூர்மையானது. ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பிக்கப் போவதாக 1756-இல் அறிவித்துச் சந்தா வசூலித்தார். 1757 கிறிஸ்துமஸுக்குள் தருவதாகப் பேச்சு. 1765-இல்தான் தந்தார். நடுவில், 1762-இல், சார்லஸ் சர்ச்சில் என்ற நையாண்டிக் கவிஞர், காசை வாங்கிக்கொண்டவரின் புத்தகம் எங்கே என்று செய்யுளிலேயே கேட்டு ஊரைச் சிரிக்க வைத்தார். சந்தாதாரர் பட்டியலை ஏன் அச்சிடவில்லை என்று கேட்டதற்கு, பெயர்களைத் தொலைத்துவிட்டேன், பணத்தையும் செலவழித்துவிட்டேன் என்று ஜான்சன் சொன்னதாக அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல் பதிவு செய்திருக்கிறார். இங்கே கடன் இருந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை. முன்பணம் கொடுத்த வாசகரின் பெயர் ரசீதில் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாத இதழும் வார இதழும் வந்தபோது இந்த நேரடிக் கொடுக்கல் வாங்கல் மறைந்தது. வாசகர் பணம் கொடுத்தது பத்திரிகைக்கு. எழுத்தாளர் பதில் சொல்ல வேண்டியது ஆசிரியருக்கு. காலக்கெடு என்பது அச்சுக்கூடத்தின் சமாச்சாரமாகிவிட்டது. 1837 மே மாதம், மைத்துனி மேரி ஹோகார்த் பதினேழு வயதில் திடீரென இறந்தபோது டிக்கன்ஸால் எழுத முடியவில்லை. ‘பிக்விக் பேப்பர்ஸ்’, ‘ஆலிவர் ட்விஸ்ட்’ இரண்டுமே அடுத்த மாதம் வரவில்லை. ஆள் இறந்துவிட்டார், பைத்தியம் பிடித்துவிட்டது, கடனுக்காகச் சிறையில் இருக்கிறார், அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார் என்றெல்லாம் வதந்திகள். பிக்விக்கின் அடுத்த பகுதியில் டிக்கன்ஸ் இந்த வதந்திகளையெல்லாம் வரிசைப்படுத்தி, நடந்ததைச் சொல்லி ஓர் அறிவிப்புப் போட்டார். ஒரே ஒரு மாதம் தவறியதற்கு!

தமிழ் நாவலும் ஏறக்குறைய தொடக்கத்திலேயே இந்தச் சிக்கலில் மாட்டியது. அ. மாதவையா 1892-இல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடங்கிய ‘சாவித்திரி சரித்திரம்’ பாதியில் நின்றது. ‘முத்துமீனாட்சி’ என்ற பெயரில் அது முழு நூலாக வெளிவந்தது 1903-இல். பின்னால் கல்கி, சாண்டில்யன் காலத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதை ஒரு பெரிய பழக்கமாகவே ஆனது. வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்துக்கொண்ட வாசகருக்கு அடுத்த இதழ் எந்தக் கிழமை வரும் என்பது தெரியும். 1950 முதல் 1954 வரை ஓடிய ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது எழுந்த முறையீடு தாமதத்தைப் பற்றியது அன்று. கதை சட்டென்று முடிந்துவிட்டதே, இன்னார் என்ன ஆனார், அன்னார் என்ன ஆனார் என்று கேட்டார்கள். கல்கியும் ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். தமக்கு ஒரு பதில் கிடைக்க வேண்டும் என்று வாசகர் நினைத்ததும், அதை ஆசிரியர் ஏற்றதும் இரு தரப்புக்கும் இயல்பாகவே இருந்திருக்கின்றன.

இன்றைய நூல் வரிசையில் அந்தப் பத்திரிகை இல்லை. பதிப்பாளர் இருக்கிறார், ஆனால் கிழமை இல்லை. கெடிகாரம் யார் கையிலும் இல்லாத இடத்தில் வாசகரும் எழுத்தாளரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். இன்றைய சச்சரவின் சூட்டுக்கு எழுத்தாளர்களின் சோம்பலையோ ரசிகர்களின் பேராசையையோவிட இந்த அமைப்பு மாற்றமே பெரிய காரணம் என்று தோன்றுகிறது.

வேலைக்காரர் அல்லர் என்ற வாதம்

‘எதுவும் கடன் இல்லை’ என்ற தரப்பின் மிகப் பிரபலமான வடிவம் 2009 மே மாதம் எழுத்தாளர் நீல் கெய்மன் எழுதியது. மார்ட்டின் என்னை ஏமாற்றுகிறார் என்று நினைப்பது தவறா என்று ஒரு வாசகர் கேட்டார். மார்ட்டின் உனக்காக வேலை பார்க்கும் ஆள் அல்லர் என்று, இங்கே அச்சிடத் தயங்கும் ஒரு வசைச் சொல்லோடு கெய்மன் பதில் தந்தார். வாதம் எளியது: நீ ஒரு புத்தகத்துக்குக் காசு கொடுத்தாய், அந்தப் புத்தகம் உன் கைக்கு வந்தது, கணக்கு தீர்ந்தது. அடுத்த புத்தகம் பற்றி உனக்கும் அவருக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை.

இதற்குப் பின்னால் வலுவான ஓர் உளவியல் நியாயமும் இருக்கிறது. எழுத்து தொழிற்சாலை உற்பத்தி அன்று. நெருக்கினால் ஒன்று வராது, அல்லது கெட்டுப் போய் வரும். மார்ட்டின் விஷயத்தில் விளையாட்டு பார்க்கிறார், ஊர் சுற்றுகிறார் என்று அவர் நாட்களையே கணக்கெடுத்தவர்களைப் பார்க்கும்போது கெய்மனின் கோபம் புரிகிறது. எழுத்தாளரின் வாழ்நாள் வாசகருக்கு அடமானம் வைக்கப்பட்டதல்ல என்பதை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

ஆனாலும் இந்த வாதம் கேட்ட கேள்விக்குப் பக்கத்துக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. ஒப்பந்தம் இல்லை என்பதிலிருந்து கடமை இல்லை என்று தாவிவிட முடியாது. விருந்துக்கு அழைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்மீது யாரும் வழக்குப் போட முடியாது; அதனால் அவர் செய்தது சரியாகிவிடாது. மேலும், ‘முதல் நூல்’ என்று அட்டையில் போட்டு விற்கப்படுவது தனிப் புத்தகம்தானா என்பதே சந்தேகம். பாதிக் கதையை முழு விலைக்கு வாங்குகிறவர் மீதியும் வரும் என்று நம்பித்தானே வாங்குகிறார்? அந்த நம்பிக்கையை விற்பனைக்குப் பயன்படுத்திக்கொண்டு, பிறகு அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்வது கொஞ்சம் வசதியான நிலைப்பாடு.

சொன்ன சொல்

எதிர்த்தரப்பு வாக்குறுதி என்ற கருத்தில் தொடங்குகிறது. அறவியலாளர் டி. எம். ஸ்கேன்லன் 1998-இல் வெளிவந்த நூலில் முன்வைத்த விளக்கம் இங்கே நன்றாகப் பொருந்துகிறது. ஒருவர் இன்னதைச் செய்வார் என்ற உறுதியை மற்றவர் விரும்புகிறார். அது இவருக்கும் தெரியும். தெரிந்தே அந்த உறுதியை ஏற்படுத்துகிறார். அப்படியானால், தகுந்த காரணம் இல்லாமல் அதைக் கைவிடுவது தவறு. ‘வாக்குக் கொடுக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை.

இதை வைத்துப் பார்த்தால் எழுத்தாளர்கள் பல வகையாகப் பிரிகிறார்கள். பேட்ரிக் ரோத்ஃபஸ் 2007-இல் தமது முதல் நாவலை வெளியிட்டபோது இது மூன்று நூல் வரிசை என்பது தெளிவாகவே தெரிந்தது. கதையின் கட்டமைப்பே மூன்று நாள்: நாயகன் தன் வாழ்க்கையை மூன்று நாளில் சொல்லி முடிப்பதாக ஏற்பாடு. இரண்டாம் நாள் 2011-இல் வந்தது. மூன்றாம் நாள் இன்னும் விடியவில்லை. மூன்றாம் நூலின் ஒரு சொல்லைக்கூடத் தாம் பார்த்ததில்லை என்று 2020-இல் அவருடைய பதிப்பாளரே பொதுவெளியில் சொன்னார். நூலின் வடிவமே உறுதிமொழியாக நிற்கும்போது வேறு வாக்குறுதி எதற்கு?

மார்ட்டினின் ‘நம்புகிறேன்’ இன்னும் வழுக்கலானது. நம்பிக்கையைச் சொல்வது வாக்குக் கொடுப்பதாகாது. ஆனால் பத்து முறை நம்பிக்கையைச் சொன்னால் கேட்பவர் அதை ஒரு தேதியாகவே எடுத்துக்கொள்வார். 2016 ஜனவரி தொடக்கத்தில் மார்ட்டின் வெளியிட்ட நீண்ட விளக்கம் இந்த வகையில் படிக்க வேண்டிய ஒன்று. 2015 அக்டோபர் இறுதி என்று பதிப்பாளரோடு ஒரு கெடு, அது தவறி ஆண்டு இறுதி என்று இன்னொரு கெடு, அதுவும் தவறியது. இனி தேதி சொல்லப் போவதில்லை என்ற முடிவுக்கு வருகிறார். சொன்ன தேதிகளே தம்மீது பாரமாக ஏறிவிட்டன என்கிறார்.

இந்தத் தரப்பின் பலவீனமும் இங்கேதான் தெரிகிறது. வாக்கு என்பது செய்யக் கூடியதைப் பற்றித்தான் இருக்க முடியும். நாளைக்கு எழுத உட்காருவேன் என்று சொல்லலாம். நாளைக்கு நல்லதாக ஒன்று வரும் என்று யார் சொல்ல முடியும்? வாசகர் கேட்பதோ இரண்டாவதை. வெறுமனே ஏதோ ஒரு முடிவு போதும் என்றால் அதை ஒரு வாரத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். தொலைக்காட்சித் தொடரின் முடிவுக்கு எழுந்த கூச்சலைப் பார்த்தவர்கள் அதைக் கேட்க மாட்டார்கள்.

சட்டத்தின் பதில்

சட்டம் இதில் பெரும்பாலும் எழுத்தாளர் பக்கமே சாய்கிறது. 1852-இல் லண்டனில் நடந்த லம்லி எதிர் வாக்னர் வழக்கில், ஒப்பந்தம் செய்த பாடகியை வேறு அரங்கில் பாடக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது; ஒப்புக்கொண்ட அரங்கில் பாடு என்று கட்டாயப்படுத்த முடியாது என்றும் ஒப்புக்கொண்டது. இந்தியாவில் 1963-ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 14-ஆம் பிரிவும், ஒருவரின் தனித்திறமையை நம்பி நிற்கும் ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றச் சொல்ல முடியாது என்கிறது. பிரான்ஸ் ஒருபடி மேலே போய், வெளியிட்ட படைப்பையே திரும்பப் பெறும் உரிமையை ஆசிரியருக்குத் தருகிறது. பதிப்பாளருக்கு நஷ்டஈடு கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பதிப்பாளர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். 2012-இல் பெங்குயின் நிறுவனம் நூலை ஒப்படைக்காத சிலர்மீது நியூயார்க்கில் அப்படி வழக்குத் தொடுத்தது. வாசகருக்கு அந்த வழியும் கிடையாது. அட்டையில் அச்சிட்ட ‘முதல் நூல்’ என்ற சொல் நீதிமன்றப் படி ஏறாது.

கதைக்கே பட்ட கடன்

மூன்றாவது ஒரு பார்வை வாசகரையும் எழுத்தாளரையும் விட்டுவிட்டுக் கதையைப் பார்க்கிறது. துப்பறியும் கதை கொலையாளியைக் காட்டுவதாகச் சொல்லித்தான் தொடங்குகிறது. காட்டாவிட்டால் அது குறைப்பட்ட கதை. டிக்கன்ஸ் 1870-இல் இறந்தபோது ‘எட்வின் ட்ரூட்’ பன்னிரண்டு பகுதிகளில் ஆறோடு நின்றது. இன்றுவரை அது இலக்கியமாகப் படிக்கப்படுவதைவிடப் புதிராகவே அதிகம் அலசப்படுகிறது. முடிவைச் சார்ந்து நிற்கும் வடிவங்களில் முடிவு இல்லாதது வெறும் தாமதம் இல்லை, முன்னால் வந்த பாகங்களின் மதிப்பையும் அது அரித்துவிடுகிறது.

எல்லா வடிவங்களும் அப்படியில்லை. ராபர்ட் மூசில் 1942-இல் இறக்கும்வரை முடிக்காத ‘குணங்களற்ற மனிதன்’ இருபதாம் நூற்றாண்டின் பெரும் நாவல்களில் ஒன்றாகவே நிற்கிறது. அங்கே கதை எங்கே போய்ச் சேரும் என்ற ஆவல் ஓர் ஓரத்தில்தான் இருக்கிறது. ராபர்ட் கேரோ எழுதிவரும், அமெரிக்க அதிபராக இருந்த லிண்டன் ஜான்சனின் வாழ்க்கை வரலாறு 1982, 1990, 2002, 2012 என்று நான்கு பாகம் வந்து ஐந்தாவதுக்குக் காத்திருக்கிறது. அவர் 1935-இல் பிறந்தவர். யாரும் அவரைத் திட்டுவதில்லை, மரியாதையோடு காத்திருக்கிறார்கள். ஜான்சன் எப்படி இறந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பது ஒரு காரணம். வரலாற்றாசிரியர் ஆவணங்களோடு மல்லாடுகிறார், நாவலாசிரியரோ மனம் வைத்தால் எழுதிவிடலாம் என்ற நினைப்பு இன்னொரு காரணமாக இருக்கக் கூடும். இந்த இரண்டாவது நினைப்புக்கு ஆதாரம் எதுவும் இல்லை.

கதைக்குக் கடன்பட்டிருக்கிறார் என்று சொல்வதில் ஒரு நழுவலும் உண்டு. கதை வந்து கேட்காது. கடைசியில் அந்தக் கடனை வசூலிக்க நிற்பவர் வாசகர்தான்.

காத்திருப்பவரின் பங்கு

விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒன்று, வாசகர்களின் நடத்தையும் முடிவைப் பாதிக்கிறது என்பது. முழுதும் வந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்பது தனி ஒருவருக்கு நியாயமான எச்சரிக்கை. நிறையப் பேர் அப்படி இருந்தால் முதல் நூல் விற்காது. விற்காத வரிசையைப் பதிப்பாளர் இரண்டாவதோடு நிறுத்திவிடுவார். மார்ட்டினிடம் சூடுபட்டவர் விலகி நிற்பதன் சுமை மார்ட்டின்மேல் விழுவதில்லை. பெயர் தெரியாத புது எழுத்தாளர்மேல் விழுகிறது. அந்த எழுத்தாளர் முடிக்கத் தயாராகவே இருந்திருப்பார்.

நிறுத்துவது எப்போதும் எழுத்தாளர்தான் என்பதும் சரியில்லை. சுஜாதா குமுதத்தில் தொடங்கிய ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ எதிர்ப்புக் கிளம்பியதால் நிறுத்தப்பட்டது; பின்பு ‘ரத்தம் ஒரே நிறம்’ என்று புதிதாகத் தொடங்கி முடிந்தது. கடன் யாருடையது என்று கேட்பதற்கு முன் நிறுத்தியது யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கை மாறும் பேனா

மரணம் வந்தால் கடன் தீர்கிறதா? ராபர்ட் ஜோர்டான் 2007-இல் இறப்பதற்கு முன், முடியாதிருந்த தமது நாவல் வரிசைக்கான குறிப்புகளை எழுதியும் சொல்லியும் வைத்தார். மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல் பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுக்க, ஒரே நூலாக நினைத்தது மூன்றாகி 2013-இல் முடிந்தது. கல்கி முடிக்காமல் விட்ட ‘அமரதாரா’வை மகள் ஆனந்தி எழுதி முடித்தார். டெர்ரி பிராட்செட்டின் விருப்பம் இதற்கு நேர் எதிர்: முடிக்காத எழுத்துகள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை 2017-இல் ஒரு நீராவி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். டிக்கன்ஸோ ‘எட்வின் ட்ரூட்’ ஒப்பந்தத்திலேயே, தாம் இறந்தால் பதிப்பாளருக்குத் திருப்பித் தர வேண்டியதை நிர்ணயிக்க ஒரு பிரிவைச் சேர்க்கச் சொன்னவர். அது பதிப்பாளரின் நஷ்டத்துக்கு மட்டும் வழி செய்தது. வாசகரின் நஷ்டத்தை அளக்க அவரிடமும் அளவுகோல் இல்லை.

இப்போது எழுத்தாளர் உயிரோடிருக்கும்போதே பேனா கைமாறுகிறது. மார்ட்டினின் வரிசைக்கு ஒரு ரசிகர் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மீதி நூல்களை உருவாக்கினார். 2023 செப்டம்பரில் மார்ட்டினும் பிற எழுத்தாளர்களும் ஓபன்ஏஐ நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில் இந்தச் செய்தியும் இடம்பெற்றது. அவெயனேதாவின் பேரன் என்று சொல்லலாம். ஆனால் இந்தப் பேரன் எவரையும் எழுத உட்கார வைத்ததாகத் தெரியவில்லை.

தீராதவை

மூன்று கோரிக்கைகள் இந்த விவாதத்தில் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன: முடி, சீக்கிரம் முடி, என்ன நிலைமை என்று சொல். நேர்மையாக முயல வேண்டும் என்ற அளவில் முதல் கோரிக்கைக்கு ஓரளவு பலம் இருப்பதாகத் தோன்றுகிறது. வரிசை என்று சொல்லி விற்றவர்களுக்குக் கூடுதலாக. இரண்டாவது, பத்திரிகைக் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம்; தேதி சொன்னவரைத் தவிர வேறு யாரையும் அது கட்டுப்படுத்துவதாகக் காட்டுவது கடினம். மூன்றாவதுதான் வலுவானது. எழுத முடியாதவராலும் அதைச் செய்ய முடியும். ‘ஹண்ட்டர் எக்ஸ் ஹண்ட்டர்’ என்ற ஜப்பானியச் சித்திரக்கதையை வரைந்துவரும் யோஷிஹிரோ தொகாஷி, முதுகு வலியால் ஆண்டுக்கணக்கில் இடைவெளி விடுபவர். 2023-இல், முடிக்காமல் இறந்துவிட்டால் இருக்கட்டும் என்று, யோசித்து வைத்திருந்த முடிவுகளில் ஒன்றை வெளியே சொல்லிவிட்டார். அப்படிச் சொல்வதால் கதை கெடுமே என்ற ஆட்சேபத்துக்கு இன்னும் நல்ல பதில் இல்லை. நிலைமை சொல்லச் சொல்ல அதுவே புதிய வாக்குறுதியாகிவிடும் என்ற மார்ட்டினின் அனுபவத்துக்கும் பதில் இல்லை.

இன்னொன்று புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது. மாதக் கட்டணமாகவும் முன்பதிவாகவும் வாசகர் மீண்டும் எழுத்தாளருக்கே நேரடியாகப் பணம் தரத் தொடங்கிவிட்டார். 2021 இறுதியில் ரோத்ஃபஸ், தமது அறக்கட்டளைக்கு நன்கொடை ஓர் இலக்கை எட்டினால் மூன்றாம் நூலின் ஓர் அத்தியாயத்தை வெளியிடுவதாக அறிவித்தார். இலக்கு எட்டப்பட்டது, அத்தியாயம் சொன்ன காலத்தில் வரவில்லை. பணம் போனது நற்காரியத்துக்கு. கொடுத்தவர்களில் பலர் அத்தியாயம் இல்லாவிட்டாலும் கொடுத்திருப்பார்கள், சிலர் கொடுத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு யார், எதைத் திருப்பித் தருவது என்பதற்குப் பதிப்புலகத்தின் பழைய வழக்கங்களில் எதுவும் விடை வைத்திருக்கவில்லை. சாமுவேல் ஜான்சனின் சந்தாதாரர்களுக்காவது கெடு தாண்டி எட்டு ஆண்டு கழித்துப் புத்தகம் கிடைத்தது.